வேட்டு வைக்காத ஊர்

மற்ற ஊர்க்காரர்களுக்குச் சனிக்கிழமை என்றால் எண்ணெய்க் குளியல், மத்தியானத் தூக்கம். நாரையேந்தல்காரர்களுக்கோ அது பரீட்சை நாள். பொழுது கிளம்பும்போதே ஊர் முழுக்கக் கண்மாய்க் கரையில் நிற்கும். கரையில் நட்டிருக்கும் கம்பங்களின் உச்சியில் கேமராக் கண்கள் உண்டு. தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் அடைந்திருக்கும் பறவைகளை அவை ஒன்றுவிடாமல் எண்ணும். எண்ணி முடித்ததும் மடைக்குப் பக்கத்துப் பலகையில் எண் வரும். அந்த எண்ணுக்குத் தக்கபடிதான் அந்த வாரத்துத் தண்ணீர்.

அணைத் தண்ணீரைப் பங்கு போடுவதில் ஊருக்கு ஊர் வெட்டுக்குத்து என்று ஆனபோது கொண்டுவந்த சட்டம் இது. எந்தச் சரணாலயக் கண்மாயில் பறவை அதிகமோ, அந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் அதிகம். பறவைக்குச் சாதி கிடையாது, கட்சி கிடையாது, அதன் கையில் காசைத் திணிக்க முடியாது என்று மேடைக்கு மேடை முழங்கினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மனுசப் புத்தி எப்பேர்ப்பட்டது என்பதைத்தான் மேடையில் இருந்த ஒருத்தரும் யோசிக்கவில்லை.

கேமரா எண்ணினால் மட்டும் போதாது. ஊரிலிருந்து ஒரு ஆள் கோபுரத்தில் ஏறி, தன் கண்ணாலும் பார்த்து, "பார்த்தேன்" என்று கைரேகை வைக்க வேண்டும். அந்தச் சாட்சி முத்துராக்கு. அவளை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டால் ஊரில் சிரிப்பார்கள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் மூக்கு நுனி சிவந்து காட்டிக் கொடுத்துவிடும்.

நாரையேந்தலில் யாரும் வேட்டு வைப்பதில்லை. தீபாவளிக்கு ஒரு கம்பி மத்தாப்பு கிடையாது. கல்யாணத்துக்கு மேளம் கிடையாது. பறவைகள் கூடு கட்டியிருக்கும் மாதங்களில் சாவுக்குக்கூடக் கொட்டு அடிக்க மாட்டார்கள். யார் ஆரம்பித்து வைத்தது என்று தெரியாது, ஆனால் மீறினவர் எவரும் இல்லை. ராக்குவின் புருசன் சாத்தையா நெஞ்சுவலியில் போனது ஒரு மார்கழியில். கொட்டில்லாமல், வேட்டில்லாமல், சங்குகூட ஊதாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். கூடு கலைந்துவிடக் கூடாதே என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது. ஊர்க்காரி என்றால் அப்படித்தான்.

இவ்வளவு செய்தும் போன வருசம் பறவை வரவில்லை. மழை தப்பி, வழி மாறி, எங்கேயோ போய்விட்டன. பலகையில் வாராவாரம் எண் இறங்கியது. ராக்குவின் ஒன்றரை ஏக்கர் நெல்லும் கருகியது. அண்ணன் தம்பி இல்லாத வீடு அது; மருதவயலில் கட்டிக்கொடுத்த தங்கை நாகவல்லிக்குப் பொங்கல் சீர் கொண்டுபோவது அக்காதான். இந்தத் தையில் வெறுங்கையோடு போக வெட்கப்பட்டுப் போகாமலே இருந்துவிட்டாள். அறுப்பு முடியட்டும், சேர்த்துக் கொண்டுவருகிறேன் என்று போனில் சொல்லி வைத்திருந்தாள்.

இந்த நிலைமையில்தான் மதுரைக் கம்பெனி ஒன்றிலிருந்து இன்பராஜ் வந்தான். கண்ணாடி போட்ட, அடக்கமான பையன். கண்மாய்ச் சங்கத் தலைவர் சேவுகன், ராக்குவுக்குச் சித்தப்பா முறை, அவனைத் தன் வீட்டு மாடியில் தங்கவைத்தார். அவன் கொண்டுவந்தது சோற்றுப்பானை அளவில் ஒரு பெட்டி. அதைக் கம்பத்தின் உச்சியில், கேமராவுக்குக் கீழே மாட்டினான். கேட்டவர்களுக்கு மழை அளக்கிற கருவி என்று சொல்லச் சொன்னார் சேவுகன். சாட்சியான ராக்குவிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. அவளிடம் இன்பராஜே விளக்கினான்.

"பறவை கண்ணுக்குள்ளயே ஒரு திசைகாட்டி இருக்குக்கா. நமக்கு வெளிச்சம் தெரியுற மாதிரி அதுக்கு வடக்கு தெக்கு தெரியும். இந்தப் பெட்டி அந்த வெளிச்சத்தக் கொஞ்சம் திருப்பி விடுது. இந்தப் பக்கமாப் போற பறவைக்கு, இதுதான் நம்ம வீடுன்னு தோணும்."

"வேற எடத்துல வீடு இருக்குற பறவைக்கு?"

"கூடு கட்டிக் குஞ்சு பொரிச்சது அசையாதுக்கா. அதோட நெனப்பு கெட்டி. வழிப்போக்காப் போறதுதான் வரும்."

அவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினான். சத்தமே போடாமல் கூப்பிடுகிற அந்தப் பெட்டிக்குச் சங்கத்துக்காரர்கள் குலவைப்பெட்டி என்று பேர் வைத்தார்கள்.

பெட்டி குலவை போட்ட மறுநாளே பறவைகள் இறங்கத் தொடங்கின. நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், வக்கா என்று மரம் மரமாக வெள்ளை அப்பியது. சனிக்கிழமை பலகையில் ஏறிய எண்ணைப் பார்த்துச் சிலர் துண்டை வீசினார்கள். சத்தம் போடாமல்தான். மடை திறந்தது, நெல் நிமிர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை யாரை விட்டது? பயிர் பால்பிடிக்கப் போகிறது, இந்த வாரத் தண்ணீர்தான் முக்கியம், இன்னும் கொஞ்சம் கூட்டி வை என்று சேவுகன் நச்சரித்தார். திங்கட்கிழமை இன்பராஜ் கூட்டி வைத்தான். செவ்வாய்க்கிழமை, அலகுக்குக் கீழே பை தொங்கும் கூழைக்கடாக்கள் வந்தன. ஒன்றிரண்டு அல்ல, வானத்தை மூடிக்கொண்டு. ராக்கு கோபுரத்தில் நின்று பார்த்துக் கண் கலங்கினாள். பத்து வருசமாயிற்று, அந்தக் கண்மாயில் அத்தனை கூழைக்கடாவைப் பார்த்து.

புதன்கிழமை காலையில் தங்கை நாகு போன் செய்தாள். வழக்கமாக முதலில் ஒரு கிண்டல் வரும்; அன்றைக்கு வரவில்லை.

"அக்கா, எங்க கண்மாய்ல ஒரு தாய்ப்பறவைகூட இல்ல. குஞ்சுகளப் போட்டுட்டுப் போயிருச்சுக."

ராக்கு அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் மருதவயலுக்குப் போனாள்.

மருதவயலும் சரணாலயம்தான், அங்கேயும் வேட்டுக் கிடையாது. ஆனால் அன்றைக்கு அந்தக் கண்மாயில் காது கொடுக்க முடியவில்லை. மரம் முழுக்கக் கூடு, கூடு முழுக்கக் கூழைக்கடாக் குஞ்சு, எல்லாம் பசியில் கத்திக்கொண்டிருந்தன. பொம்பளைகள் வாளியில் மீனோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்கள். ஆம்பளைகள் ஏணியைச் சாத்தி, கூட்டுக்குள் மீனைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். குஞ்சுகள் மீனைப் பார்க்கவேயில்லை. தாயின் தொண்டைக்குள் தலையை விட்டு எடுத்தால்தான் அவற்றுக்கு அது தீனி. கண் முன்னால் கிடக்கிற மீன் அவற்றுக்கு வெறும் சாமான்.

"நேத்து இதவிடப் பெருசாக் கத்துச்சுக," என்றாள் நாகு. "சத்தம் கொறையுது பாரு. நாளன்னிக்கு வரைக்கும் தாங்கும்ங்கிறாக. குஞ்சச் சாகவிட்ட கண்மாய்னு பேர் வந்தா எங்க ஊரைச் சரணாலயத்துலருந்தே எடுத்துருவாக. அப்பறம் ஆயுசுக்கும் தண்ணி கெடயாது."

ராக்கு மறைக்கத்தான் நினைத்தாள். பஸ்ஸில் வரும்போதே என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். ஆனால் நாகு திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள், மூக்கு நுனியைப் பார்த்தாள். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்: பெட்டி, திசைகாட்டி, திங்கட்கிழமை கூட்டி வைத்தது, செவ்வாய்க்கிழமை தான் கண் கலங்கி நின்றது. நாகு கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தாள். நாகு அப்படி எதுவும் செய்யவில்லை.

"அந்த ஆளு பேரு என்ன சொன்ன?"

"இன்பராஜ்."

"நம்பர் இருக்கா?"

புகார் கொடுக்கப் போகிறாள், கொடுக்கட்டும் என்றுதான் ராக்கு நினைத்தாள். போனை எடுத்து நம்பரைக் கொடுத்தாள். அக்கா செய்ய வேண்டிய காரியம் அதுதான் என்று அவளுக்குப் பட்டது. ஏணியிலிருந்து இறங்கி வந்த நாகுவின் புருசன் நம்பரை வாங்கிக்கொண்டு ஊருக்குள் போனான்.

ஊர் திரும்பினதும் ராக்கு சித்தப்பா வீட்டுக்குத்தான் போனாள். சேவுகன் கெட்டவர் அல்ல. குஞ்சுகள் என்றதும் கையில் இருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு சனிக்கிழமை எண்ணட்டும், எண்ணி முடித்த கையோடு பெட்டியை இறக்கிவிடலாம் என்றார். அதற்குள் குஞ்சுகள் செத்துவிடும் என்று அவள் சொன்னாள். இங்கே பயிர் செத்துவிடும் என்று அவர் சொன்னார். போன வருசம் கருகினதற்கே ரெண்டு குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது, இந்த வருசமும் என்றால் ஊரில் யார் இருப்பார்கள் என்று கேட்டார். அவள் நெல்லும் அதே வயல்வெளியில்தான் நின்றது.

வியாழக்கிழமை அவள் இன்பராஜைப் பிடித்தாள். போனில் எடுத்து வந்திருந்த படங்களைக் காட்டினாள். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், திரும்பப் போட்டான், திரும்பக் கழற்றினான். இப்படி ஆகும் என்று தெரியாது என்று ரெண்டு மூன்று முறை சொன்னான். பிறகு சேவுகனிடம் கேட்காமலே கம்பத்தில் ஏறிப் பெட்டியை நிறுத்திக் கழற்றி இறக்கினான். பையனுக்கு மனசாட்சி இருக்கிறது என்று ராக்குவுக்கு நிம்மதியாக இருந்தது. ரெண்டு பேரும் கரையில் உட்கார்ந்து கூழைக்கடாக்களையே பார்த்தார்கள். ஒன்றும் நகரவில்லை. மீன் பிடித்தன, இறகு கோதின, சொந்த வீட்டில் இருப்பது போல இருந்தன.

"ஏன் தம்பி போக மாட்டேங்குதுக?"

"நிறுத்துனா மட்டும் போகாதுக்கா. அதுகளுக்கு இப்ப இதான் வீடு. மறுபடி திசை பாக்கணும்னா நல்லா மெரளணும். உசுருக்குப் பயந்து எந்திரிக்கணும். வேட்டு கீட்டு வெடிச்சாத்தான்..." அவன் பாதியில் நிறுத்தினான். பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "அதுக்காகத்தான் உங்க ஊரத் தேடி வந்தோம். வேட்டே வைக்காத ஊரு. புடிச்சு வச்ச பறவை கலையாது."

அடப் பாவிகளா என்று அவளுக்கு வந்தது. எத்தனை தலைமுறையாக வாயைப் பொத்திக்கொண்டு வாழ்ந்த வாழ்க்கை. அதையே வலையாக விரித்து வைத்திருக்கிறார்கள். சாத்தையாவைக் கொட்டில்லாமல் தூக்கினது இதற்குத்தானா?

இன்பராஜின் போன் அடித்தது. எடுத்துப் பேசிக்கொண்டே தள்ளிப் போனான். திரும்பி வந்தவன், பெட்டி இங்கே இருந்தால் சேவுகன் ஐயா போடச் சொல்லி நெருக்குவார், நான் கொண்டுபோய்விடுகிறேன் என்றான். அவள்தான் பையைப் பிடித்துக்கொண்டாள், அவன் பெட்டியை உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தான். மோட்டார் சைக்கிள் கரையைத் தாண்டும்வரை அவனை வாழ்த்திக்கொண்டே நின்றாள்.

அப்புறம் வீட்டுக்குப் போய்ப் பித்தளைத் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்து வந்தாள். கரையில் நின்று தட்டினாள். முதலில் பயந்து பயந்து, பிறகு கை வலிக்கிற மட்டும். பக்கத்து மரத்தில் இருந்த ஒரு கூழைக்கடா ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டது. இந்த ஊர் மனுசரால் தனக்கு ஒன்றும் ஆகாது என்று அதற்கு அவ்வளவு நம்பிக்கை.

சாயங்காலம் டவுனுக்குப் போனாள். சீசன் இல்லாத நாளில் பட்டாசு கேட்டு வந்தவளைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

"கல்யாணத்துக்கா, சாவுக்கா?"

நல்லாச் சத்தம் வர்றதாக் குடுங்க என்றாள்.

வெள்ளிக்கிழமை வெயில் ஏறினதும் வடக்குக் கரைக்குப் போனாள். திசை பார்க்கச் சூரியன் வேண்டும் என்று இன்பராஜ் சொல்லியிருந்தான். மஞ்சள் பையில் அணுகுண்டு வெடிகள். அவள் ஆயுளில் ஒரு பட்டாசைக் கையால் தொட்டதில்லை. திரியை எங்கே பற்ற வைப்பது என்று கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். முதல் குச்சி காற்றில் அணைந்தது. ரெண்டாவது குச்சி உரசும்போதே ஒடிந்தது. அதற்குள் யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள்போல. சேவுகன் செருப்புக்கூடப் போடாமல் கரையில் ஓடிவந்தார். பின்னால் நாலைந்து பேர்.

"ராக்கு, வேணாம். ஒரு நாள். நாளைக்கு எண்ணட்டும், நானே உனக்குப் பத்த வச்சுத் தர்றேன்."

"நாளைக்குச் சத்தம் நின்னுரும் சித்தப்பா. நான் கேட்டுட்டு வந்தேன்."

"உன் நெல்லும் போயிரும்டி."

"போகட்டும்."

"உன் புருசனுக்கே நம்ம வேட்டு வைக்கலயே ஆத்தா."

"அவருக்கு வைக்காதது எதுக்கு? குஞ்சு பொழைக்கத்தான?"

சேவுகன் அவள் கையைப் பிடித்தார். ராக்கு உருவவில்லை, உதறவில்லை. அப்படியே நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவர் கை தானாகத் தளர்ந்தது. பின்னால் வந்தவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, வயல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு ரெண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

மூன்றாவது குச்சி பிடித்தது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? கண்மாயில் இருந்த தண்ணீரே துள்ளி விழுந்தது. அடுத்த கணம் மரங்கள் காலியாகிவிட்டன. வெள்ளைச் சிறகுகள் ஒரே வீச்சில் எழுந்து வெயிலை மறைத்தன. ராக்கு அடுத்த வெடியை வைத்தாள், அதற்கடுத்ததை வைத்தாள். அழுதுகொண்டே வைத்தாள். இந்தத் தடவை முந்தானையை வாயில் திணிக்கவில்லை. சாத்தையா பேரைச் சொல்லி, ஊர் கேட்க ஒப்பாரி வைத்து அழுதாள். அத்தனை வருசத்துக்கும் சேர்த்து அழுதாள். மேலே பறவைகள் ஒரு சுற்றுச் சுற்றின. இன்னொரு சுற்றுச் சுற்றின. பிறகு கூழைக்கடாக்கள் நீண்ட கோடாகப் பிரிந்து கிழக்கே திரும்பின. மருதவயல் இருக்கும் திசை. அவள் கையில் இருந்த தீப்பெட்டியைக் கீழே போட்டாள். பையில் இன்னும் ஒரு கட்டு வெடி மிச்சம் இருந்தது.

சனிக்கிழமை கரையில் கூட்டம் இருந்தது, பேச்சு இல்லை. கேமராக்கள் நாலைந்து கொக்கையும் ஒரு மீன்கொத்தியையும் எண்ணின. ராக்கு கோபுரத்தில் ஏறி, பார்த்தேன் என்று கைரேகை வைத்தாள். மடை திறக்கவில்லை. அவள் இறங்கி வந்தபோது எதிரே நின்றவர்கள் விலகி வழி விட்டார்கள்; மரியாதைக்கு விலகினது இல்லை. அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினதும் போன் அடித்தது.

"அக்கா, எங்க பலகையப் பாக்கணுமே நீ." நாகுவின் குரலில் பழைய சிரிப்பு வந்திருந்தது. "இதுவரைக்கும் வராத எண்ணு. மட முழுசாத் தெறந்திருக்கு."

"குஞ்சுக?"

"முக்காவாசி பொழச்சிருச்சுக. நேத்து மத்தியானமே ஆத்தாளும் அப்பனும் வந்து இறங்கிட்டாக. நீதான் அனுப்பி வச்சியாம்ல. ஊரே உன்னக் கையெடுத்துக் கும்புடுது."

ராக்கு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிழைத்துவிட்டன. நெல் போனால் போகிறது. மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கினது போல இருந்தது. நாகு நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனாள்.

"நம்ம பறவைக மட்டும் இல்லக்கா. கரண்டிவாயனா வந்து குவிஞ்சு கெடக்கு. எங்க கண்மாய்ல கரண்டிவாயன நான் பாத்ததே இல்ல. எங்கிட்டுருந்து வந்துச்சுகன்னே தெரியல, உக்கார மரம் இல்லாம தண்ணிக்குள்ள நிக்கிதுக."

ராக்கு நிமிர்ந்து உட்கார்ந்தாள். எங்கிருந்து வந்தவை என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் கரண்டிவாயன் கூடு கட்டுகிற கண்மாய் ஒன்றே ஒன்றுதான்: மருதவயலுக்கும் கிழக்கே, புளியங்கண்மாய். மாசி பிறந்துவிட்டது. இந்நேரம் அங்கே குஞ்சு பொரித்திருக்கும்.

"நாகு. பெட்டிய எங்க மாட்டியிருக்கீக?"

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

"கம்பத்துலதான். வியாழக்கெழம ராத்திரியே அந்தத் தம்பி கொண்டாந்துட்டாரு. நாங்க என்னக்கா பண்றது? உங்க பெட்டி நின்னுச்சா இல்லையான்னு எங்களுக்கு என்ன தெரியும்? நீதான நம்பர் குடுத்த."

"எறக்கச் சொல்லு."

"இந்த ஒரு சனிக்கெழமதான்னு நெனச்சாக. இப்ப இவ்வளவு வந்த பெறகு... அறுப்பு முடியட்டும்ங்கிறாகக்கா."

ராக்கு போனை வைத்தாள். பிறகு முகம் கழுவி, இருந்ததில் நல்ல சேலையாக எடுத்துக் கட்டினாள். பரணில் இருந்த சீர்க் கூடையை இறக்கித் தூசி தட்டினாள். மஞ்சள் பையில் மிச்சம் இருந்த வெடிக்கட்டை அதில் வைத்து, மேலே ரெண்டு வாழைப்பழமும் ஒரு வெல்ல உருண்டையும் வைத்துத் துண்டால் மூடினாள். அடுப்படியில் இருந்த தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. மருதவயலுக்கு ஒன்று என்றதும் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே மடியில் இருந்த கூடையைப் பார்த்தார்.

"என்னத்தா, கூடையெல்லாம் பலமா இருக்கு?"

"தங்கச்சிக்குப் பொங்கச் சீரு," என்றாள் ராக்கு.

"தை போயி மாசி வந்திருச்சே, இப்பக் கொண்டு போறீக?"

"ஆமா. கொஞ்சம் பிந்திப் போச்சு."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூக்கு நுனி சிவக்கவில்லை.